சேற்றில் நிற்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. நகரம் இன்னும் போர்வையை விலக்கவில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பொட்டல்வெளியில் கல்லூரிப் பேருந்து ஒன்று வந்து நிற்கிறது. நாற்பது மாணவ மாணவிகள் கொட்டாவி விட்டபடி இறங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு விசில், ஒரு சாப்பாட்டுக் கூப்பன். டி-ஷர்ட்டின் முதுகில் 'வாலண்டியர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அளவு யாருக்கும் சரியாக இல்லை. ஒல்லியான பையனுக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. அவனுடைய தோழனுக்குத் தலை நுழைய மறுக்கிறது. பெங்களூரோ, புனேயோ, குருகிராமோ, ஊர் எதுவானாலும் காட்சி இதுதான்.

ஏழு மணிக்குக் கார்கள் வரத் தொடங்குகின்றன. கணினி நிறுவன ஊழியர்கள், வங்கி அதிகாரிகள், ஜிம்மில் உடம்பை வளர்த்தவர்கள், கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ குறைக்கச் சபதம் எடுத்தவர்கள். பாட்டு அலறுகிறது. மைக்கைப் பிடித்தவர் கூட்டத்தைக் கத்தச் சொல்கிறார். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக அவிழ்த்து விடுகிறார்கள். சுவரேறுகிறார்கள், வலையில் தொற்றுகிறார்கள், கம்பிக்கு அடியில் சேற்றில் ஊர்கிறார்கள், பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் முழுகி அலறிக்கொண்டு மறுபக்கம் வருகிறார்கள். முடிவில் ஒரு பதக்கம், ஒரு பழச்சாறு, சேறு பூசிய முகத்தோடு ஒரு புகைப்படம்.

அந்தப் புகைப்படத்தில் விசில் வைத்திருந்த பெண் இருப்பதில்லை. பனித் தொட்டியின் ஓரத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவள் அவள். உள்ளே இறங்கியவர்களை எண்ணுகிறாள். வெளியே வந்தவர்களை எண்ணுகிறாள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத அந்த ஒரு தடவை என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியுமா? தடை தாண்டும் ஓட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இந்த ஓட்டத்தின் பூர்வோத்திரம் சுவாரசியமானது. 1902 மே 8 அன்று கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியேர் நகரமும் சுற்றுப்புறமும் சில நிமிடங்களில் அழிந்தன. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். அப்போது அங்கே பணியில் இருந்த பிரெஞ்சு கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் மீட்பு வேலையில் ஈடுபட்டார். உடல் வலிமை என்பது எதற்காக என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மேடையில் நின்று தசையைக் காட்டுவதற்கா? ஓடவும், ஏறவும், நீந்தவும், இன்னொருவரைத் தூக்கிச் சுமக்கவும் தெரியாத உடம்பு ஆபத்து வேளையில் யாருக்கு உதவும்? அவர் வகுத்த பயிற்சி முறையில் சுவர், மரக்கட்டை, கயிறு, பள்ளம் எல்லாம் வரிசையாக வந்தன. பிறருக்குப் பயன்படவே வலிமை என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். உலகத்து ராணுவங்களில் இன்றும் நடக்கும் தடைப் பயிற்சிகளுக்கு எபேரின் முறை ஒரு முக்கிய ஊற்று.

ராணுவத்திலிருந்து அது பொழுதுபோக்குக்கு வந்தது பின்னால்தான். 1987-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பில்லி வில்சன் என்ற முன்னாள் ராணுவ வீரர் தன் பண்ணையில் 'டஃப் கை' என்ற பந்தயத்தைத் தொடங்கினார். ஜனவரிக் குளிரில், பனிக்கட்டித் தண்ணீரில். 2010-இல் அமெரிக்காவில் 'டஃப் மட்டர்', 'ஸ்பார்ட்டன்' என்ற இரு நிறுவனங்கள் இதைப் பெரிய வியாபாரமாக்கின. 2012-இல் 'டெவில்ஸ் சர்க்யூட்' மூலம் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. இப்போது ஒலிம்பிக்ஸ் வாசலுக்கும் வந்துவிட்டது: நவீன பென்டத்லானில் குதிரையேற்றம் 2024 பாரிஸோடு விடைபெற்றது, 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்தில் தடை தாண்டும் ஓட்டம்.

இந்த நீண்ட பயணத்தில் எபேரின் மந்திரம் மட்டும் வழியில் எங்கோ தவறி விழுந்துவிட்டது. ஓடுகிறவர் தனக்காக ஓடுகிறார். அதில் தவறொன்றும் இல்லை. வாரம் ஆறு நாள் நாற்காலியில் கழிப்பவர் ஏழாம் நாள் சேற்றில் புரண்டு சந்தோஷப்பட்டால் யாருக்கு நஷ்டம்? ஆனால் மைதானத்தில் பிறருக்குப் பயன்படும் வேலையைச் செய்வது யார் என்று பார்த்தால், அந்தத் தொளதொள டி-ஷர்ட்தான் கண்ணில் படுகிறது.

தொண்டர் என்ற பாத்திரம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1915-இல் ஹரித்துவாரில் கும்பமேளா. ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் சேவா சமிதித் தொண்டர்கள் யாத்திரிகர்களுக்கு உதவப் போனார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, மலக்குழிகளை மண் போட்டு மூடுவது. அதற்குப் பதினான்கு வருடங்கள் முன்னால், 1901 கல்கத்தா காங்கிரஸில் காந்தி பார்த்தது வேறு ரகம். ஒரு தொண்டரிடம் ஒரு வேலை சொன்னால் அவர் இன்னொருவரிடம் தள்ளுவார். அவர் மூன்றாமவரிடம் தள்ளுவார். இதைத் தன் சுயசரிதையில் நகைச்சுவையோடு சொல்லும் காந்தி, காரணத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்: வருடத்துக்கு மூன்று நாள் கூடிக் கலைகிற இடத்தில் யாருக்கு என்ன பயிற்சி கிடைத்துவிடும்?

மூன்று நாளே போதாது என்றால் ஒரு காலை எப்படிப் போதும்?

இந்தியக் கல்லூரிகளில் தொண்டுக்கு அமைப்புரீதியான ஏற்பாடு உண்டு. காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. கோனார்க் ரதத்தின் சக்கரம் அதன் சின்னம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் கொள்கை. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் தொண்டு. அதோடு ஏழு நாள் முகாம். முடித்தால் சான்றிதழ். மரம் நடுவது, ரத்ததான முகாம், கிராமத்தில் கழிவுநீர்க் கால்வாய் தூர்வாருவது என்றுதான் இந்த மணிகளைக் கழிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 1948-இல் தொடங்கிய என்.சி.சி. வேறு வழி. அங்கே தடை தாண்டுவதே பயிற்சியின் பகுதி. உயரச் சுவர், இரட்டைப் பள்ளம், வளைந்து செல்லும் கட்டைமேல் நடை எல்லாம் கேடட்டுகளுக்குப் பழக்கம். சாரணர் இயக்கம் இவை இரண்டுக்கும் மூத்தது.

ஆக, நகரத்தில் ஒரு பெரிய ஓட்டம் என்றால் ஏற்பாட்டாளர்கள் முதலில் கல்லூரிக் கதவைத் தட்டுவது இயற்கை. கட்டுப்பாடான பிள்ளைகள், அதிகாலையில் வரச் சொன்னால் வருவார்கள், சான்றிதழ் கொடுத்தால் போதும். மாணவர்களுக்கும் ஆசைதான். ஒரு நாள் வகுப்பில்லாத உலகம், நண்பர்கள், பாட்டு, புதிய அனுபவம். வந்தவர்களில் பலர் மறுவருடமும் வருகிறார்கள் என்றால் அதில் ஏதோ ருசி இருக்கத்தான் வேண்டும்.

ருசி எங்கே இருக்கிறது என்பதைச் சுவர் அருகே பத்து நிமிடம் நின்றால் தெரிந்துகொள்ளலாம். எட்டடிச் சுவர். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் சறுக்கி விழுகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. அவருடைய முகத்தில் வெட்கம். தொண்டராக நிற்கும் பையன் குனிந்து தொடையைப் படியாகக் காட்டுகிறான். "பையா, இங்கே கால் வையுங்க" என்று அவனுடைய இந்தியில் சொல்கிறான். சேறு அப்பிய ஷூ அவன் தொடையில் பதிகிறது. அவர் ஏறி உட்கார்ந்து மறுபக்கம் குதிக்கும் முன் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார். நன்றி சொல்ல நேரமில்லை. அந்தப் பார்வை போதும். அன்று முழுக்க நூறு பேர் அந்தத் தொடையில் கால் வைத்து ஏறுகிறார்கள். மாலையில் அவன் நொண்டுகிறான். ஆனால் முகத்தில் ஒரு பிரகாசம்.

இது பாடப்புத்தகத்தில் கிடைக்காத கல்வி. தன்னைவிடப் பணமும் பதவியும் உள்ளவர்கள் பயப்படுவதைப் பத்தொன்பது வயதில் பக்கத்திலிருந்து பார்ப்பது. அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் இருக்கக் கற்பது. முடியவில்லை என்பவரை வற்புறுத்தாமல் பக்கத்து வழியைக் காட்டுவது. எந்த வேலைக்குப் போனாலும் இது உதவும்.

ஆனால் சுவர் வேறு, தண்ணீர் வேறு. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த டஃப் மட்டர் பந்தயத்தில் உயரமான மேடையிலிருந்து கலங்கிய நீரில் குதிக்கும் தடை இருந்தது. குதித்த 28 வயது இளைஞர் ஒருவர் மேலே வரவில்லை. பல நிமிடங்களுக்குப் பிறகே அவரை வெளியே எடுத்தார்கள். மறுநாள் இறந்தார். அவர் மேலே வரவில்லை என்று கூவியவர்கள் அவருடைய சக ஓட்டக்காரர்கள். குடும்பம் வழக்குத் தொடுத்தது. ஓட்டத்துக்கு முன் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் பத்திரங்கள் இறந்தவரைத் திருப்பித் தருவதில்லை.

நீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கைகளை வீசிக் கத்துவதில்லை. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போய்விடுகிறார். மூச்சு இழுக்கவே போராடும் வாய்க்குக் கூவ அவகாசம் ஏது? கலங்கிய நீரில் அரை அடி ஆழம் இறங்கினால் கண்ணுக்கும் தெரியாது. பனிக்கட்டித் தண்ணீர் இன்னும் மோசம். இறங்கிய முதல் நிமிடத்தில் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கிறது. அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நீர்தான் உள்ளே போகும். நேரம் போகப் போகக் கையும் காலும் வலுவிழக்கின்றன. தொட்டி ஓரத்தில் நிற்பவர் சிரிக்கிறவரையும் திணறுகிறவரையும் பிரித்தறிய வேண்டும். முந்தியவர் நகராமல் அடுத்தவரை இறங்க விடக்கூடாது. பின்னாலிருந்து எவ்வளவு கூச்சல் எழுந்தாலும் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தும் தைரியம் வேண்டும்.

வெயிலும் கொல்லும். இந்தியாவில் பிப்ரவரி தாண்டினாலே பத்து மணி வெயில் சுள்ளென்று ஏறுகிறது. ஓடுகிறவர் திடீரென்று உளறுகிறார், தள்ளாடுகிறார், எதிர்த்திசையில் நடக்கிறார் என்றால் அது களைப்பு அல்ல. வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடம்பு வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி வேடிக்கை பார்ப்பது போதாது. உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ ஊற்றியோ வெப்பத்தை இறக்க வேண்டும். பனித் தொட்டி பக்கத்திலேயே இருந்தும் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்பது எவ்வளவு பெரிய அவலம்!

சேறும் சாமானியமல்ல. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த ஒரு தடை ஓட்டத்துக்குப் பிறகு 22 பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். கால்நடைகளின் கழிவு கலந்த சேற்று நீரை அறியாமல் விழுங்கியதே காரணம் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கண்டறிந்தது. எலிக்காய்ச்சல் உள்ள இந்தியாவில், அதுவும் மழைக்காலத்தில், காலில் சிராய்ப்போடு நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் தொண்டருக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு ஆடம்பரம் அல்ல. ஓடுகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் குளித்துவிட்டுப் போய்விடுகிறார். நிற்கிறவர் மாலைவரை அதிலேயே ஊறுகிறார்.

இவ்வளவும் கோரும் ஒரு வேலைக்கு இன்று பல இடங்களில் நடக்கும் பயிற்சி என்ன? காலை ஐந்தரை மணிக்கு மெகாபோனில் பத்து நிமிடம். பெயர் வாசிப்பு, இடம் ஒதுக்கீடு, "ஆல் தி பெஸ்ட்" என்று முடிந்துவிடும். முதலுதவி தெரிந்தவர் யார், நீச்சல் தெரிந்தவர் யார் என்று கேட்பதுகூட இல்லை. நீச்சல் தெரியாத பெண்ணை நீர்ப் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்துவதும், நீச்சல் வீரரான பையனைச் சாப்பாட்டுக் கவுண்டரில் நிறுத்துவதும் சகஜம்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஓடுகிறவர் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிறார். ஷூ நிறுவனமும் பான நிறுவனமும் விளம்பரப் பணம் தருகின்றன. மேடை போட்டவருக்குக் கூலி, பாட்டு போட்டவருக்குக் கூலி, சேற்றைக் குழைத்த ஜே.சி.பி. ஓட்டுனருக்குக் கூலி. மாணவருக்கு மட்டும் சான்றிதழ். இதைத் தொண்டு என்று சொல்வதா, இலவச உழைப்பு என்று சொல்வதா?

அமெரிக்காவில் 2014-இல் சட்டப் பேராசிரியை ஒருவர் இதே கேள்வியோடு நீதிமன்றம் போனார். லாப நோக்குள்ள ஒரு மாரத்தான் நிறுவனத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர் அவர். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி லாபத்துக்காக நடக்கும் தனியார் நிறுவனத்துக்கு யாரும் 'தொண்டு' செய்ய முடியாது. செய்தது வேலை என்றால் கூலி தரவேண்டும். பந்தயத்தோடு ஒரு தர்ம காரியத்தின் பெயர் ஒட்டியிருந்தால் கூலி பாக்கி தீர்ந்துவிடுமா என்பதுதான் அந்த வழக்கு கிளப்பிய விவாதம்.

இந்தியாவில் இந்த விவாதம் இன்னும் கல்லூரி வாசலுக்கு வரவில்லை. வந்தால் நல்லது. ஏழை கிராமத்தில் கால்வாய் தூர்வாரிய 8 மணி நேரமும், டிக்கெட் விற்ற பந்தயத்தில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுத்த 8 மணி நேரமும் ஒரே பதிவேட்டில் ஒரே கணக்கில் ஏறுவது சரிதானா என்று நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் யோசிக்க வேண்டும். 2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளின்போது ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இடையிலேயே விலகிப் போனதாகச் செய்திகள் வந்தன. இரண்டே வருடம் கழித்து லண்டன் ஒலிம்பிக்ஸில் 70,000 தொண்டர்கள் ஊரின் செல்லப்பிள்ளைகள் ஆனார்கள். முன்கூட்டியே நேர்காணல், பயிற்சி, பொருந்துகிற சீருடை, நிறைவு விழாவில் அரங்கம் எழுந்து கைதட்டிய மரியாதை என்று அவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. நிறைவு விழாக் கைதட்டலை விடப் பெரியது முன்னால் கிடைத்த பயிற்சி.

இதற்காகத் தொண்டே வேண்டாம் என்று கதவைச் சாத்துவது முட்டாள்தனம். அந்தச் சுவர் அருகே பையன் கற்றுக்கொண்டதை இழக்க வேண்டியதில்லை. கல்லூரிகள் சில நிபந்தனைகளைக் கறாராக வைத்தாலே போதும். பந்தயத்துக்கு முன்பே ஒரு முழுநாள் பயிற்சி, அதில் முதலுதவியும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறையும் கட்டாயம். தண்ணீர் உள்ள தடைகளில் சம்பளம் வாங்கும் உயிர்காப்பு நீச்சல்காரர்கள்; மாணவர்கள் அவர்களுக்கு உதவியாக மட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பதிவு மேசையும் தண்ணீர்ப் பந்தலும் போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றம், பூட்ஸ், கையுறை, சூடான சாப்பாடு, பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை, வீடு திரும்ப வண்டி, ஒரு நாள் காப்பீடு. டிக்கெட் விற்ற பந்தயம் என்றால் மாணவர்களுக்குப் படியோ, அவர்களுடைய குழுவின் கிராமப் பணிக்கு ஒரு தொகையோ எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அதிகாரம்: ஆபத்து என்று தோன்றினால் பந்தயத்தை நிறுத்தும் அதிகாரம். விசில் ஊதினால் மைக்கைப் பிடித்தவர் உட்பட எல்லோரும் நிற்க வேண்டும். பிறகு, பயந்தது வீண் என்று தெரிந்தாலும் ஊதியவரை யாரும் திட்டக்கூடாது. இந்த உத்தரவாதம் இல்லாமல் பத்தொன்பது வயதுப் பெண் நானூறு பேரின் உற்சாகத்துக்கு எதிராக விசிலை வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள்.

மாலை நாலு மணி. கார்கள் போய்விட்டன. பாட்டு ஓய்ந்துவிட்டது. மைதானம் முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில்கள், அறுந்த ஷூ லேஸ்கள், ஒற்றைச் செருப்பு. சாக்குப் பையோடு மாணவர்கள் வரிசையாக நடந்து பொறுக்குகிறார்கள். மலக்குழி மூடிய ஃபீனிக்ஸ் பிள்ளைகளின் வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை.

பனித் தொட்டியின் ஓரத்தில் நின்ற பெண் கடைசி எண்ணிக்கையை அட்டையில் எழுதுகிறாள். இறங்கியவர்கள் 1,146. ஏறியவர்கள் 1,146. அட்டையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்க்கிறாள். வாங்கிக்கொள்ள வேண்டியவர் முன்பே கிளம்பிவிட்டார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறுகிறாள்.